வாட்சப்ல வந்த அஞ்சு லட்சமும் வேலந்தாவளம் லாட்டரிக்கடையும்

கடை ஷட்டரத் தூக்கி பத்தி கூட பொருத்தல, அதுக்குள்ள மாமா வந்து நின்னுட்டாரு. சொந்த மாமாவெல்லாம் இல்லீங்க. பார்டருக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டு ஊரு, தெனமும் விடியக்காலைல கத்திரிக்கா மூட்டையோட கேரளா பக்கம் பாலக்காடு பார்டர்ல இருக்கற எங்க வேலந்தாவளம் மார்க்கெட்டுக்கு வர்றவரு, ஊரே மாமான்னுதான் கூப்புடும். போன சட்டைப் பையில இருந்து எடுத்து, ஒரு தடவ பின்னாடி திரும்பிப் பாத்துட்டு, "மாப்ள, இதப் படி, சத்தமாப் படிச்சுறாத"ன்னாரு.

வாட்சப் மெசேஜ். டிபில கேரளா சர்க்கார் சின்னம், ரெண்டு யானையும் நடுவுல சங்கும் பளபளன்னு. கீழ ஒரு லாட்டரி டிக்கெட் போட்டோ, அதுக்கும் கீழ சர்டிபிகேட் மாதிரி ஒன்னு, அதுல மாமாவோட மூஞ்சி. அவரு வாட்சப்ல வெச்சிருந்த அதே போட்டோ, பேத்தி காதுகுத்துக்கு எடுத்தது, பக்கத்துல நின்ன பேத்திய மட்டும் வெட்டிட்டு ஒட்டியிருக்கான். "வாழ்த்துக்கள், உங்களுக்கு ரூ.5,00,000 பரிசு, வரி மற்றும் ஜிஎஸ்டி ரூ.6,200 செலுத்தினால் 30 நிமிடத்தில் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும்." கீழ ஒரு யூபிஐ ஐடி.

நான் சிரிக்கல. சிரிச்சிருந்தா போன வாங்கிட்டுப் போயி வேற எங்கயாச்சும் பணத்தப் போட்டிருப்பாரு, இந்த மாதிரி விஷயத்துல மொதல்ல சிரிச்சுட்டம்னா அதோட காரியம் கெட்டுது, பத்து வருசமா மொபைல் சர்வீஸ் கடை வெச்சு ஒக்காந்திருக்கறதுல நான் கத்துக்கிட்டதே அது ஒன்னுதான். "டிக்கெட் எங்க மாமா வாங்குனீங்க"ன்னு மட்டும் கேட்டேன். அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. கால் வீங்கிக்கிட்டு ஒரு வாரம் மார்க்கெட்டுக்கே வரல, அந்த நேரம் பாத்து பேஸ்புக்ல "கேரளா லாட்டரி, வீட்டுல இருந்தே வாங்கலாம்"னு வந்திருக்கு, 200 ரூபா அனுப்பி நாலு டிக்கெட் 'வாங்கி'யிருக்காரு, டிக்கெட் போட்டோவும் வந்திருச்சு. அதான் நம்பிட்டாரு. வாங்காத லாட்டரி விழுந்துச்சுன்னு சொன்னா மாமாவும் நம்பியிருக்க மாட்டாரு, இங்கதான் அவரே காசு குடுத்து வாங்குனதாச்சே.

எங்க பக்கம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிய தடை பண்ணிட்டாங்க. கேரளாவுல சர்க்காரே 1967ல ஆரம்பிச்சு நடத்திக்கிட்டு வருது, 1968 ஜனவரி 26ல மொத குலுக்கல், அப்ப டிக்கெட் 1 ரூபா, பரிசு 50,000. இப்ப தெனமும் ஒரு பேர்ல குலுக்கல், டிக்கெட் 50 ரூபா. அதனால வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு பார்டர் பூரா லாட்டரிக்கடை, கோயம்புத்தூர் பொள்ளாச்சில இருந்து பஸ் ஏறி வந்து வாங்கிட்டுப் போற கூட்டம். 2023 ஓணம் பம்பர் 25 கோடி, அது வாளையாறுல வாங்குன டிக்கெட்டுக்குத்தான் விழுந்துச்சு, விழுந்தது தமிழ்நாட்டுக்காரங்க நாலு பேருக்கு. அந்த வருசம் எங்கூட்டுக்கு வந்த சின்னம்மா கூட "ரெண்டு டிக்கெட் எடுத்து வையி சாமி"ன்னு சொல்லிட்டுப் போச்சு, அதுவரைக்கும் லாட்டரின்னா காரித் துப்புற ஆளு.

ஏமாத்துறவனுக்கு இதெல்லாம் தெரியும். வர ஆச இருக்கு, வர முடியல, இதுதான் அவனோட கிராக்கி. ஆனா கேரளா லாட்டரி பேப்பர்ல அடிச்ச டிக்கெட் மட்டும்தான், ஆன்லைன்ல விக்கறதே கெடையாது, லாட்டரி டிபார்ட்மென்ட்டும் கேரளா போலீசும் தொண்ட கிழிய சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க. அது மலையாளத்துல சொல்றாங்க, மாமாவுக்கு எங்க போய்ச் சேரும்.

நான் சொன்னா போதாதுன்னு மாமாவக் கூட்டிக்கிட்டு எதுத்தாப்புல லாட்டரிக்கட சேட்டன்கிட்ட போனேன். சேட்டன் போன வாங்கி, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தாரு. அரை நிமிசம் கூட ஆகல. "மாமா, இது ஸ்த்ரீ சக்திங்கற டிக்கெட்தானே. ஸ்த்ரீ சக்தி செவ்வாக்கெழம குலுக்கல். இதுல போட்டிருக்கற தேதி என்ன கெழம?" காலண்டர்ல பாத்தா வெள்ளி. சேட்டன் அடுக்குல இருந்து ஒரு நிசமான டிக்கெட்ட எடுத்து மாமா கைல குடுத்து, "இத மோந்து பாருங்க, போன மோந்து பாருங்க"ன்னாரு. மாமா நெசமாவே டிக்கெட்ட மோந்து பாத்தாரு. அப்பறம் சேட்டன் சொன்னதுதான் மாமாவ அசைச்சுச்சு: "முப்பது வருசமா விக்கறேன், பரிசு அடிச்சவன் சர்க்காருக்குப் பணம் கட்டி நான் பாத்ததே இல்ல. சர்க்காரு அதோடத புடிச்சுக்கிட்டு மிச்சத்தத்தான் தரும்."

அதுதான் கணக்கே. 5,000 ரூபா வரைக்கும் கடையிலயே குடுத்துருவாங்க. 10,000த்த தாண்டுச்சுன்னா 30 சதவீதம் வருமான வரி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் கழிச்சுக்கிட்டு மீதியத்தான் கைல தருவாங்க. முன்னாடியே வரி கட்டு, ஜிஎஸ்டி கட்டு, பிராசசிங் கட்டுன்னு எவனாவது கேட்டான்னா லோனா இருந்தாலும் வேலையா இருந்தாலும் பார்சலா இருந்தாலும் அது இதே கதைதான். 6,200 கட்டியிருந்தா அடுத்தது 14,000 கேப்பான், அப்பறம் ரிசர்வ் பேங்க் சீல் குத்துன ஒரு லெட்டர் வரும், அதுக்கு ஒரு 25,000. கட்டுன காச விட மனசில்லாம மேல மேல கட்டுவாங்க. தேங்காமட்டி யாவாரம் பண்றவரு ஒருத்தரு எங்கடைக்கு வந்து சேந்தப்ப 1,10,000 போயிருந்துச்சு, அப்பவும் அவரு என்கிட்ட கேட்டது "இன்னும் ஒரு 20,000 போட்டா முழுசும் வந்துருமா"ன்னுதான்.

மாமாவுக்கு ஒரு விஷயம் மட்டும் தாங்க முடியல. "பேசுன பையன் அவ்ளோ நல்லா தமிழ் பேசுனான் மாப்ள, வாங்க போங்கன்னு, நம்மூரு பையன் மாதிரியே." மாதிரி என்ன, நம்மூரு பையனாவே இருக்கலாம். டேட்டா என்ட்ரி வேல, மாசம் 80,000 சம்பளம்னு ஏஜென்ட் பேச்ச நம்பி தாய்லாந்துக்கு பிளைட் ஏறி, அங்கிருந்து கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கடத்திட்டுப் போயி, பாஸ்போர்ட்ட புடுங்கிக்கிட்டு, இந்த மாதிரி போன் பண்ண வெக்கிறாங்க. தமிழ்நாட்டுப் பசங்களும் கேரளாப் பசங்களும் மாட்டியிருக்காங்க, அரசாங்கம் பேட்ச் பேட்சா மீட்டுக்கிட்டு வந்திருக்கு. முன்னெல்லாம் இந்தில பேசுனாலே கட் பண்ணிருவோம், இப்ப அந்த வசதியும் போச்சு.

ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தா போலின்னு ஊர்ல எல்லாரும் எழுதறாங்க பாருங்க, அது எங்களுக்கு ஆகவே ஆகாது. நாங்க பார்டர்காரங்க. கரண்ட் பில்லு மலையாளத்துல வரும், பேங்க் மெசேஜ் இங்கிலீஷ்ல, பஞ்சாயத்து நோட்டீஸ் ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கம் மலையாளம், அந்தத் தமிழப் படிச்சா மெஷின் மொழிபெயர்த்த மாதிரி இருக்கும். ரெண்டு சிம்மு, ரெண்டு ஸ்டேட்டு, பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு ஒரு பக்கம் தோட்டம் ஒரு பக்கம். நெசமான சர்க்கார் லெட்டரே தப்பும் தவறுமா வர்ற எடத்துல தப்ப வெச்சு எப்படிங்க திருடனக் கண்டுபுடிக்கறது. அதுவுமில்லாம இப்ப ஏஐல எழுதறான், எங்க தமிழ் வாத்தியார விட சுத்தமா எழுதறான்.

நான் பாக்கறது வால மட்டும்தான். சர்க்கார்னா வெப்சைட் அட்ரஸ் "கவ் டாட் இன்"னு முடியணும், நடுவுல எங்கயோ கவ்னு இருந்தா பத்தாது, ஆரம்பத்துல வர்ற https:// போக, அடுத்த சாய்வுக்கோடு வர்றதுக்கு முன்னாடி கடைசியா அதுதான் நிக்கணும். பேங்குகள எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள்ள "டாட் பேங்க் டாட் இன்" அட்ரசுக்கு மாறச் சொல்லி ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு, அது பேங்குகளுக்கு மட்டுமே தர்ற வாலு, கண்டவன் வாங்க முடியாது. போன்ல கூப்புட்டாலும் பேங்குக்கு 1600ல ஆரம்பிக்கற நம்பர் குடுத்திருக்காங்க, சாதாரண பத்து இலக்க நம்பர்ல இருந்து "பேங்க் மேனேஜர் பேசறேன்"னு வந்தா நம்ம மேனேஜர்தானான்னு நேர்ல போயி கேட்டுட்டு வந்தாப் போதும், அப்படி என்ன அவசரம்.

இவ்ளோ வாய் கிழியப் பேசறேன்ல, இப்ப என் கதையச் சொல்றேன். எங்க ஊருக்காரங்க யாரும் இதப் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல சொல்றேன்.

கேரளா ரோட்டுல ஏஐ கேமராவும் சேத்து 726 கேமரா வெச்சிருக்காங்க, 2023 ஜூன் 5ல இருந்து பைன் போட ஆரம்பிச்சாங்க, ஹெல்மெட் இல்லேன்னா 500. ஒரு நாள் நான் பாலக்காடு போயி டிஸ்பிளே எல்லாம் வாங்கிட்டு வரும்போது வெயில் தாங்காம ஹெல்மெட்ட கழட்டி டேங்க் மேல வெச்சுக்கிட்டு வந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல வாட்சப்ல ஒரு மெசேஜ், வண்டி நம்பர் கரெக்டா போட்டு, "உங்கள் வாகனத்திற்கு சலான்", கீழ ஒரு பைலு, பேரு பரிவாகன்னு (சர்க்காரோட வண்டி சைட்டு பேரு) ஆரம்பிச்சு கடைசில டாட் ஏபிகே, அதாவது போன்ல ஆப்ப ஏத்தற பைலு. தூக்கக் கலக்கம். தப்பு பண்ணுன மனசு வேற. காலைல நாலு பேர்கிட்ட ஏபிகே தொடாதீங்கன்னு சொன்ன அதே ஆளு அத அமுக்கினேன். "தெரியாத எடத்துல இருந்து இன்ஸ்டால் பண்ண அனுமதிக்கவா"ன்னு போன் கேட்டுச்சு, ஆமான்னேன். எஸ்எம்எஸ் படிக்கவான்னு கேட்டுச்சு, அதுக்கும் ஆமான்னேன். உள்ள அசல் மாதிரியே ஒரு பக்கம், சரிபார்க்க 1 ரூபா கட்டுங்கன்னு வந்துச்சு, டெபிட் கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கற மூணு நம்பர் எல்லாத்தையும் போட்டேன். என்னமோ சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஆப்போட ஐகானத் தேடுனா ஸ்கிரீன்ல இல்ல.

ஐகானக் காணோம்னதும்தான் தூக்கம் கலைஞ்சுச்சு.

11:52க்கு ஒன்னு, 11:54க்கு ஒன்னு, ரெண்டு தவணைல 18,700 போயிருச்சு. ஓடிபி வந்ததே எனக்குத் தெரியல, ஏன்னா அந்த ஆப்பு எஸ்எம்எஸ்ஸ அவனுக்குத் திருப்பி விட்டுட்டு இங்க மறைச்சிருச்சு. "நான் ஓடிபி யாருக்கும் சொல்லவே இல்லீங்க"ன்னு கடைக்கு வர்றவங்க அழுதப்ப "சொல்லாம எப்படிப் போகும்"னு மனசுக்குள்ள நெனச்சிருக்கேன், அவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கு.

மெசேஜ்ல வண்டி நம்பர் எப்படி கரெக்டா இருந்துச்சுன்னு ரொம்ப நாள் மண்டையக் கொடஞ்சுச்சு. 2025 ஜூலைல கொச்சி சைபர் போலீஸ் இதே பரிவாகன் மோசடி கேசுல வாரணாசி வரைக்கும் போயி ஆளப் புடிச்சாங்க, டெலகிராம் பாட் வழியாத்தான் வண்டி விவரம் எல்லாம் எடுத்திருக்கானுக. அதாவது நம்ம வண்டி நம்பர், பேரு, போன் நம்பர் எல்லாம் சந்தைல கத்திரிக்கா மாதிரி கூறு கட்டி விக்குது. அதனால நம்ம விவரத்த ஒருத்தன் சரியாச் சொன்னாங்கறதுக்காக அவன் ஆபீஸ்காரன்னு நம்பறதுல அர்த்தமே இல்ல. நெசமான சலான பாக்கணும்னா நாமளே ஈசலான் டாட் பரிவாகன் டாட் கவ் டாட் இன் போயி வண்டி நம்பரப் போட்டுப் பாத்துக்கலாம். சர்க்கார் வாட்சப்ல ஏபிகே அனுப்பாது. (எனக்கு அந்த ஹெல்மெட்டுக்கு நெசமான சலான் வரவே இல்ல, அது வேற வயித்தெரிச்சல்.)

அன்னிக்கு ராத்திரி நான் பண்ணுனதுல பாதி சரி, பாதி தப்பு. போன ஏரோபிளேன் மோடுல போட்டு சிம்ம கழட்டுனது சரி, அதோட எஸ்எம்எஸ் அவனுக்குப் போறது நின்னுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி பத்து நிமிசம் அந்த ஆப்ப அழிக்கறதுக்குப் போராடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அது தப்பு, அந்தப் பத்து நிமிசத்துல பணம் இன்னும் ரெண்டு அக்கவுண்டு தாண்டியிருக்கும். சம்சாரத்த எழுப்பி அவ போன வாங்கி மொதல்ல பேங்க் நம்பருக்கு கார்ட பிளாக் பண்ணச் சொன்னேன், அப்பறம் ஆன்லைன் பண மோசடியச் சொல்ற 1930 நம்பர். மூணாவது தடவைதான் லைன் கெடைச்சுச்சு. தமிழ்நாடா கேரளாவான்னு எனக்கு கொழப்பம், அக்கவுண்டு பொள்ளாச்சி பிராஞ்சுல, சிம்மு கேரளா, ஆளு பார்டர்ல. ஆனா 1930 நாடு பூராவுக்கும் ஒரே நம்பர், பணத்த நிறுத்தறதுதான் அங்க மொத வேல. எந்த பேங்கு, எந்த அக்கவுண்டு, எவ்ளோ, எத்தன மணிக்கு, ட்ரான்சாக்சன் நம்பர் என்ன, இதத்தான் கேட்டாங்க. அந்த நம்பர் பேங்க் எஸ்எம்எஸ்ல இருக்கும், என் எஸ்எம்எஸ்ஸத்தான் அவன் தின்னுட்டானே, சம்சாரத்தோட போன்ல நெட்பேங்கிங் தொறந்து ஸ்டேட்மென்ட்டப் பாத்துப் படிச்சேன், கை நடுங்குதுல ரெண்டு தடவ தப்பாப் படிச்சேன். ஒரு கம்ப்ளெயின்ட் நம்பர் குடுத்தாங்க. மறுநாள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல மீதி விவரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஏத்துனேன்.

18,700ல 9,500 அடுத்த அக்கவுண்டுலயே நிறுத்திட்டாங்க. மிச்சம் போனது போனதுதான். நிறுத்துன காசு கூட தானா வரல, கோர்ட்டு உத்தரவு வாங்கித்தான் வந்துச்சு, ஏழு மாசம் ஆச்சு. பிராஞ்சுல "நீங்களே கார்டு நம்பர் போட்டிருக்கீங்களே"ன்னு கையக் கழுவிட்டாங்க. அதுல அவங்க சொன்னது பாதி சரி. 2017ல ரிசர்வ் பேங்க் போட்ட சர்க்குலர் படி, தப்பு நம்ம பேர்ல இல்லாம வெளியாள் பண்ணுனதா இருந்து மூணு வேல நாளுக்குள்ள சொல்லிட்டா நம்ம தலைல விழாது, நாமளே விவரத்தக் குடுத்திருந்தா சொல்ற வரைக்கும் போனது நம்ம நஷ்டம். ஆனா சொன்னதுக்கு அப்பறம் போனா அது பேங்க் பொறுப்பு. அதனாலதான் சொல்றது, வெக்கப்பட்டுக்கிட்டு விடியட்டும்னு படுத்தம்னா அந்த ராத்திரி நம்ம கணக்குல எழுதறாங்க.

போன கடைசில பேக்டரி ரீசெட்தான் பண்ணுனேன். அதுக்குள்ள என் வாட்சப்ல இருந்து அதே பைலு முப்பது பேருக்குப் போயிருந்துச்சு, அதுல எங்க ஸ்கூல் கணக்கு வாத்தியாரும் ஒருத்தரு. கூப்புட்டு "ஏண்டா, உனக்குமாடா"ன்னாரு. அந்த "உனக்குமாடா"வ இன்னும் மறக்க முடியல.

அதுல இருந்து ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். ஸ்கிரீன் மாத்தவோ பேட்டரி மாத்தவோ போன் வந்தா, குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க முன்னாலயே செட்டிங்ஸ் போயி "தெரியாத ஆப் இன்ஸ்டால்"ங்கறதுல வாட்சப், குரோம், டெலகிராம் மூணுக்கும் அனுமதிய ஆப் பண்ணி விடுவேன், கெட்ட ஆப்பத் தேடிப் புடிக்கற கூகுள் பிளே புரொடெக்ட் ஆன்ல இருக்கான்னு பாப்பேன், வாட்சப்ல டூ ஸ்டெப் பின் போடச் சொல்லுவேன். ரெண்டு நிமிச வேல, காசெல்லாம் இல்ல. கல்யாணப் பத்திரிகை ஏபிகேல வந்தாலும், பிஎம் கிசான் பணம் ஏபிகேல வந்தாலும் அப்பறம் அமுக்குனா, மறுபடி அனுமதி குடுக்காம உள்ள ஏறாது. டெலிகாம் டிபார்ட்மென்ட்டோட சஞ்சார் சாத்தி சைட்டுல அவங்க பேர்ல எத்தன சிம்மு இருக்குன்னும் பாத்துக் குடுப்பேன். ஒருத்தருக்கு ஒம்பது வரைக்கும்தான் வெச்சுக்கலாம், ஆனா ஒரு பாட்டி பேர்ல ஆறு சிம்மு இருந்துச்சு, பாட்டிகிட்ட இருக்கறது ஒரே ஒரு பட்டன் போன். மிச்சம் அஞ்சு எவன் கைல இருக்கோ, அங்கயே "இது என் நம்பர் இல்ல"ன்னு ரிப்போர்ட் பண்ணி விட்டோம்.

மார்க்கெட்டுல வேற ரகம் நடக்கும். "மதுக்கரை மிலிட்டரி கேம்ப்ல இருந்து பேசறோம், 300 கிலோ தக்காளி வேணும், அட்வான்ஸ் அனுப்பறோம்"னு போன், யூனிபார்ம் போட்ட ஐடி கார்டு போட்டோ, பின்னாடியே ஒரு கியூஆர், ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வரும்னு. பணம் வர்றதுக்கு பின்னே தேவையில்ல, பின் போட்டா போறது மட்டும்தான் நடக்கும். ஆளுக்கு ஆள் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பறத 2025 அக்டோபர்ல இருந்து யூபிஐல நிறுத்திட்டாங்க, ஆனா இந்த கியூஆர் வித்தைய நிறுத்த முடியல. நம்ம மார்க்கெட் அண்ணாச்சி ஒருத்தரு "லாரிய கேம்ப் கேட்டுக்கே அனுப்பறேன், ரொக்கமா குடுத்துருங்க சார்"ன்னாரு, அதோட சாரக் காணோம்.

கைரேகை விஷயமும் ஒன்னு இருக்கு. பத்திரப்பதிவுல வெக்கற ரேகைய எடுத்து சிலிகான்ல அச்சு செஞ்சு ஆதார் வழியா பேங்க்ல காசு எடுத்த கேசுகள் ஆந்திரா தெலங்கானா பக்கம் நெறைய புடிச்சிருக்காங்க. இதுக்கு ஓடிபியும் வராது, பின்னும் வேண்டாம். ஆதாரோட அதிகாரப்பூர்வ ஆப்ல பயோமெட்ரிக்க லாக் பண்ணி வெச்சுக்கலாம். ஆனா லாக் பண்ணுனா ரேஷன் கடைல ரேகையும் எடுக்காது, போறப்ப தொறந்து விட்டுட்டுப் போகணும், தொறந்தா பத்து நிமிசத்துல தானா மூடிக்கும். எங்கம்மாவுக்கு லாக் பண்ணிக் குடுத்துட்டு இத சொல்ல மறந்துட்டேன், மண்ணெண்ணெய்க்கு நின்னுட்டு ரேகை விழலன்னு திரும்பி வந்து என்னப் பேசுன பேச்சு இருக்கே.

போலீஸ் யூனிபார்ம்ல வீடியோ கால்ல வந்து டிஜிட்டல் அரெஸ்ட்டுன்னு மெரட்டறது எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறேன், பிரதமரே 2024 அக்டோபர் 27ல ரேடியோல அப்படி ஒரு சட்டமே இல்லன்னு சொல்லிட்டாரு. தெரியாம நடக்கறது வேற ஒன்னு, காலேஜ் பசங்களுக்கு "உன் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாசம் குடு, 5,000 தர்றேன்"னு வர்றது. என் 18,700 மொதல்ல போயி எறங்குனது அப்படி ஒரு அக்கவுண்டுலதான், ஏதோ ஒரு வீட்டுல ஒரு பையன் பேர்ல. திருடன் கெடைக்க மாட்டான், பையன் வீட்டுக்கு வேற ஸ்டேட் போலீஸ் வரும். எங்க கடைக்கு ரீசார்ஜ்க்கு வர்ற ஒரு பையன் புதுசா ரெண்டு அக்கவுண்டு தொறந்தேண்ணா, கொஞ்சம் காசு வருதுண்ணான்னு பெருமையாச் சொன்னான், கடைக்குள்ள இழுத்து ஒக்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசுனேன். மூடச் சொல்லியிருக்கேன். மூடுனானான்னு தெரியல.

சரி, மாமா. அன்னிக்கு அந்த 200 ரூபா போனதோட முடிஞ்சுச்சு. நம்பர பிளாக் பண்ணவான்னு கேட்டேன், வேண்டாம், பேர் மட்டும் போட்டுக் குடுன்னாரு. என்ன பேருன்னு கேட்டதுக்கு "கள்ளப்பய, கேரளா"ன்னு போடச் சொன்னாரு, சேட்டன் எதுத்த கடைல இருந்தே "கேரளா வேண்டா மாமா"ன்னு சத்தம் போட்டாரு, அப்பறம் வெறும் கள்ளப்பயன்னு போட்டோம். இப்ப அது ஒரு வரிசையாவே ஆயிருச்சு, தெரியாத நம்பர் எதுனாலும் மாமா கடைக்கு வந்துருவாரு, போன வாரக் கணக்குக்கு கள்ளப்பய 7 வரைக்கும் வந்திருக்கு.

நேத்து சேட்டன் கடைல ஒரு 50 ரூபா டிக்கெட் எடுத்துக்கிட்டு இருந்தாரு. சட்டப்பையில போன் அடிச்சுது. எடுத்துப் பாத்துட்டு ஸ்கிரீன என் பக்கம் திருப்பிக் காட்டுனாரு, கள்ளப்பய 3. "அடிக்கட்டும், அவன் காசு"ன்னுட்டு போன உள்ள வெச்சுட்டு, டிக்கெட்டப் பின்பக்கம் திருப்பி, சேட்டன்கிட்ட பேனா வாங்கி கையெழுத்துப் போட ஆரம்பிச்சாரு.